ஹைப்பர்லூப் வராமலே போனால் மகளின் படிப்பு வீணா?

வணக்கம் ஐயா. மகள் ஹைப்பர்லூப் ஆராய்ச்சி, அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் அதிவேகமாக வண்டி ஓட்டும் ஆராய்ச்சி என்று கிளம்புகிறாள், அந்த வண்டியே வராவிட்டால் அவள் கதி என்ன என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான். 2020 நவம்பரில் அமெரிக்காவின் நெவாடாவில் 500 மீட்டர் குழாய்க்குள் இரண்டு பேரை ஏற்றி, மணிக்கு 172 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டிய நிறுவனம் 2023 கடைசியில் மூடப்பட்டது.

ஆனால் அதே துறையில் வேறொரு வேலை இருக்கிறது: ஒரு புதுப் போக்குவரத்து எந்த அளவுக்குத் தயார் என்று மதிப்பிடுவது. நாசா 1970களில் தொடங்கிவைத்த தொழில்நுட்ப ஆயத்த நிலை அளவுகோல்தான் இதற்கு அடிப்படை. அடிப்படை அறிவியல் தத்துவம் மட்டும் தெரிந்திருந்தால் 1, நிஜத்தில் ஓடி நிரூபித்திருந்தால் 9.

எண் போடுவது சுலபம். எதற்குப் போடுகிறோம் என்பதில்தான் சிக்கல். இரும்புக் குழாய் வெயிலில் நீளும். 30 டிகிரி கூடினால் 500 மீட்டர் குழாய் சுமார் 18 சென்டிமீட்டர் நீளும், சமாளித்துவிடலாம். 100 கிலோமீட்டர் குழாயைத் தடையில்லாமல் விட்டால் 36 மீட்டர் நீளும்! அந்த நீட்சிக்கு இடம்கொடுக்கக் குழாய்த் துண்டுகளுக்கு நடுவே வைக்கும் அத்தனை இணைப்புகளிலும் காற்று புகக்கூடாது. ஆக, வண்டி 6ஆம் நிலையில் இருந்தாலும் இணைப்பு 3இல் நின்றால் மொத்த அமைப்பும் 3தான் என்பேன். எப்போது வரும் என்று கேட்டால் ஒரு வருடத்தைச் சொல்லக் கூடாது. 'இத்தனை முதல் இத்தனை ஆண்டு, இந்தச் சோதனை முடிந்தால் இடைவெளி குறையும்' என்று சொல்லத் தெரிய வேண்டும்.

9ஐத் தொட்டும் தோற்கலாம். ஒலியைவிட வேகமாகப் போன கான்கார்ட் விமானம் 1976இலிருந்து 27 வருடம் பயணிகளை ஏற்றிப் பறந்தது. செலவும் இரைச்சலும் அதைப் பரவவிடவில்லை.

அதனால் அமைப்புப் பொறியியல் (பல பாகங்கள் சேர்ந்து ஒரே அமைப்பாக இயங்குவதைத் திட்டமிடும் படிப்பு), புள்ளியியல், பாதுகாப்புச் சான்றளிப்பு, இந்த மூன்றும் பாடத்திட்டத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஹைப்பர்லூப் போனாலும் ரயில் சிக்னல், மின்சாரப் பேருந்து, ஓட்டுநரில்லா மெட்ரோ என்று எங்கேயும் நுழையலாம். ஆனால் படித்து முடித்ததும் மதிப்பீட்டாளர் நாற்காலி கிடைக்காது. இரண்டு மூன்று வருடம் சோதனைக் கூடத்திலோ பராமரிப்பிலோ கையில் கிரீஸ் படிய வேலை பார்க்கட்டும். பழுதைப் பார்க்காதவர் தரும் மதிப்பெண்ணை நான் நம்புவதில்லை.

இப்போதைக்கு ஒரு பயிற்சி. பறக்கும் டாக்ஸி பற்றிய ஏதாவது ஒரு நிறுவன அறிவிப்பை எடுத்து, எதைக் காட்டினார்கள், எவ்வளவு எடையோடு, எத்தனை முறை, எதைக் காட்டவில்லை என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். சலிப்பில்லாமல் எழுதினாள் என்றால் அப்புறம் எந்தக் கல்லூரி என்று பேசலாம்.