நாஸ்காம் என்றால் என்ன? ஐடி நிறுவனங்களுக்கு எதற்கு ஒரு சங்கம்?

இந்தியாவின் மென்பொருள், ஐடி சேவை நிறுவனங்கள் சேர்ந்து 1988-ல் தொடங்கிய தொழில் சங்கம்தான் நாஸ்காம். லாப நோக்கம் இல்லாதது.

ஒன்றோடு ஒன்று போட்டி போடும் நிறுவனங்கள் ஏன் ஒன்றுசேர வேண்டும்? கடைத்தெருவை நினைத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து ஜவுளிக்கடைகளுக்குள் போட்டி உண்டு. ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்றால் வணிகர் சங்கம்தான் நகராட்சியில் போய்ப் பேசும். அதேதான் இங்கேயும். வரி, விசா, தரவுப் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் எல்லோருக்கும் பொதுவான பிரச்சினை. தனி நிறுவனத்தின் குரலைவிடக் கூட்டுக் குரலுக்கு வலு அதிகம்.

1990-களில், கப்பலில் ஏறாத மென்பொருளும் ஏற்றுமதிதான் என்று அரசுக்குப் புரியவைப்பதே பெரிய வேலை. அதில் தேவாங் மேத்தாவின் உழைப்பு மறக்கக் கூடாதது. 2001-ல் இறக்கும்வரை சங்கத்தை அவர்தான் வழிநடத்தினார். திருட்டு மென்பொருளுக்கு எதிராகவும் சங்கம் விடாமல் போராடியது. அந்தத் திருட்டைத் தடுக்கும் வகையில் 1994-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அப்புறம் 2008-ல், தரவுப் பாதுகாப்புக்கென்றே தனி அமைப்பையும் நாஸ்காம் உருவாக்கியது.

பலரும் நினைப்பதுபோல் இது அரசுத் துறையும் அல்ல, ஊழியர் சங்கமும் அல்ல. சம்பளப் பாக்கி வழக்கை நாஸ்காம் தீர்த்துவைக்காது.