ஹோட்டன் ப்ளேன்ஸ் பக்கேஜ், வேன் அட்வான்ஸ், தண்ணிப் போத்தல்: உங்கட கேள்விகளுக்கு பதில்

கேள்வி (வெள்ளவத்தையில இருந்து ஒரு வாசகி): அக்கா, கனடாவில இருந்து அண்ணா, அண்ணி, ரெண்டு பிள்ளைகள் வாறாங்க. இங்க நாங்க அம்மாவோட சேர்த்து நாலு பேர். நுவரெலியாப் பக்கம் மலையில இருக்கிற ஹோட்டன் ப்ளேன்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போகோணும் எண்டு பிள்ளைகள் ஒரே பிடி. ஒரு ட்ரவல்ஸ்காரர் எட்டுப் பேருக்கும் ஒரே ரேட் போட்டு, வேன், டிக்கட், பார்க்குக்குள்ள ஜீப், கைட் எல்லாம் சேர்த்து ஒரு பக்கேஜ் தந்திருக்கிறார். பிரிச்சுச் சொல்லுங்க எண்டா "எல்லாம் அடக்கம் மிஸ்" எண்டு மட்டும்தான் சொல்றார். எடுக்கலாமா? அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் வேற.

பதில்: தங்கச்சி, பிரிச்சுத் தராத பக்கேஜ எடுக்காதீங்க. அவர் ஏமாத்துறார் எண்டு நான் சொல்ல வரேல்ல, ஆனா நீங்க எழுதினதுல ரெண்டு மூண்டு இடம் இடிக்குது.

முதல்ல ஜீப். யால, உடவளவ மாதிரி ஜீப்ல சுத்திப் பார்க்கிற பார்க் இல்ல இது. உங்கட வேனே கேற்றால உள்ள போய் ஃபார் இன் பக்கத்துல இருக்கிற பார்க்கிங் வரைக்கும் போகும், அங்க இருந்து எல்லாரும் நடைதான். கையில வாகனம் இல்லாதவங்க நுவரெலியாவில இருந்தோ ஒஹியாவில இருந்தோ ஜீப் பிடிச்சுப் போவாங்க, அது வேற கதை. வேனும் இருக்கு ஜீப்பும் இருக்கு எண்டா எதுக்கு எண்டு கேளுங்க. அங்க எல்லாரும் பார்க்கப் போற மலை விளிம்பு வேர்ல்ட்ஸ் எண்ட், அந்தப் பாதைக்குக் கைட்டும் கட்டாயம் இல்ல. சுத்திக் கொண்டு வந்து தொடங்கின இடத்துலயே விடுற பாதை அது, கிட்டத்தட்ட ஒன்பதரை கிலோமீற்றர், போர்ட் எல்லாம் இருக்கு. பறவை பார்க்கிற ஆசை இருந்தா கைட் எடுக்கிறது நல்லதுதான், அது உங்கட விருப்பம்.

அடுத்தது டிக்கட், பெரிய காசு இங்கதான் நிக்குது. வனசீவராசிகள் திணைக்களத்துல உள்ளூர்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்காரருக்கு டொலர் கணக்குல இன்னொரு விலை, வித்தியாசம் எண்டா சின்ன வித்தியாசம் இல்ல. எட்டுப் பேருக்கும் ஒரே ரேட் போட்டிருக்கிறார் எண்டா உங்கட நாலு பேருக்கும் சேர்த்து வெளிநாட்டு விலையில ஒரு சராசரி அடிச்சிருக்கிறாரோ எண்டுதான் எனக்குப் படுது. அண்ணாக்கு இரட்டைப் பிரஜாவுரிமை இருந்து இலங்கை அடையாள அட்டையோ பாஸ்போட்டோ கையில இருந்தா மறக்காம கொண்டு வரச் சொல்லுங்க, கவுண்டர்ல முகத்தையும் தமிழையும் பார்த்து லோக்கல் டிக்கட் தரமாட்டாங்க. நீங்களும் ஐடிய வீட்டில விட்டுட்டுப் போகாதீங்க. டிக்கட்டுக்கு மேல வாகனக் கட்டணம், சேவைக் கட்டணம், 18 சதவீத வற் எல்லாம் வரும். வெளிநாட்டு டிக்கட்டுக்கு வாற அந்த சேவைக் கட்டணம் ஒரு குழுவுக்கு ஒருக்காதான், ஆளுக்கு ஆள் இல்ல, சில பக்கேஜ்ல அது தலைக்கு ஒண்டா ஏறியிருக்கும், அதையும் பாருங்க. கேற்றில தாற பற்றுச்சீட்டு ஒரிஜினல் எங்களுக்கு வேணும் எண்டு இப்பவே சொல்லி வைங்க. சொன்ன உடனே ரேட் குறையும் பாருங்க.

உண்மையில நீங்க யோசிக்க வேண்டியது நேரத்தைப் பற்றி. கேற் காலையில ஆறு மணிக்குத் திறக்கிறது. வேர்ல்ட்ஸ் எண்ட் கிட்டத்தட்ட 870 மீற்றர் செங்குத்தா விழுற இடம், ஆனா ஒன்பது பத்து மணிக்கு மேல மூடுபனி ஏறிச்சுது எண்டா முன்னால ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரியும், அதுக்கும் அதே டிக்கட்தான். கொழும்புல இருந்து விடியக் காலம்பற வெளிக்கிட்டு அண்டைக்கே திரும்புற பக்கேஜ் எண்டா வேண்டவே வேண்டாம், போய்ச் சேரவே பத்து மணி தாண்டும். முதல் நாள் நுவரெலியாவில நிண்டு, அங்க இருந்து 32 கிலோமீற்றர், அஞ்சு மணிக்கு முன்னம் வெளிக்கிட்டா சரி. ஜனவரி தொடக்கம் மார்ச் வரைக்கும் வானம் கொஞ்சம் தெளிவா இருக்கும், ஆனா விடியக் காலம்பற குளிர் நடுக்கும், சில நாள் புல்லுல உறைபனியே படியும். போயா, லோங் வீக்கெண்ட் ரெண்டையும் தவிருங்க, கவுண்டர் லைன்லயே உங்கட காலை போயிரும்.

அம்மாவ அந்த ஒன்பதரை கிலோமீற்றருக்கு இழுக்காதீங்க, மேடு பள்ளம், கல்லு, ஈரம். ஒராள் அவவோட நிண்டு ஹக்கல பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போகலாம், நுவரெலியாவில இருந்து வெலிமட ரோட்டால கொஞ்சத் தூரம்தான். 1861ல சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கின இடம் அது, இப்ப ரோசாத் தோட்டமெல்லாம் இருக்கு. அவவுக்கு ஹோட்டன் ப்ளேன்ஸ் டிக்கட் எடுக்காட்டி அந்தக் காசும் பக்கேஜ்ல இருந்து கழிய வேணும், ஏழு பேர் எண்டே கணக்குப் போடச் சொல்லுங்க. அம்மாவோட நிக்கிற ஆளும் உள்ள போகாட்டி ஆறு பேர்.

இன்னொண்டு, உள்ள பொலித்தீன் விடமாட்டாங்க. பாதை தொடங்குற இடத்துல பேக் திறந்து பார்ப்பாங்க, பிஸ்கட் கவர், போத்தல்ல ஒட்டியிருக்கிற லேபிள் எல்லாம் கழட்டி எடுப்பாங்க. அங்க மேயுற மரைகள் அதைத் திண்டுட்டு சாகுது, அதால தான், ஆகவே அந்த ஒஃபிசரோட சண்டை பிடிக்காதீங்க. வீட்டிலேயே சாப்பாட்டை டப்பாவில போட்டுட்டா அங்க நிண்டு மினக்கெடத் தேவையில்ல.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): நுவரெலியா ட்ரிப்புக்கு வேன் ஹயர் பேசி அட்வான்ஸ் அனுப்பினேன். மழையால மண்சரிவு எச்சரிக்கை வந்து நாங்க போகேல்ல. இப்ப அட்வான்ஸ் திருப்பித் தர ஏலாது எண்டுறாங்க. பற்றுச்சீட்டு இல்ல, வட்ஸ்அப்ல கதைச்சதுதான் இருக்கு.

பதில்: தம்பி, வட்ஸ்அப்ப அழிச்சுப் போடாதீங்க, பாங்க் ஸ்லிப்பையும் எடுத்து வைங்க, ரெண்டும் சேர்ந்தா அதுவே பற்றுச்சீட்டு மாதிரித்தான். கன்சல் பண்ணினா காசு திரும்பாது எண்டு முதலே எழுதியிருந்தாங்களா பாருங்க. எழுதியிருந்தா உங்கட பக்கம் கொஞ்சம் பலவீனம், அப்படி எண்டா வேற திகதிக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க, வேன்காரருக்கும் ஹயர் வேணும்தானே, அனேகமா சம்மதிப்பாங்க. ஒண்டும் எழுதாம இப்ப வாயால சொல்றாங்க எண்டா நுகர்வோர் அதிகார சபைக்கு எழுத்துல முறைப்பாடு குடுங்க. மூண்டு மாசத்துக்குள்ள குடுக்க வேணும், இழுத்துக் கொண்டு இருக்காதீங்க.

அடுத்த முறை வேன் பேசும்போது மொத்தத் தொகைய மட்டும் கேட்டுட்டு வைக்காதீங்க. கிலோமீற்றர் லிமிட் எவ்வளவு, தாண்டினா கிலோமீற்றருக்கு எவ்வளவு, ட்ரைவர்ட நைட் அவுட் (இரவு தங்குற காசு), சாப்பாடு, பார்க்கிங் யாருக்கு, இதெல்லாம் ஒரு மெசேஜ்ல எழுதி வாங்குங்க. ரெண்டு நாள் ஹயர், 200 கிலோமீற்றர் எண்டு மலிவா ஒரு ரேட் சொல்லுவாங்க. கொழும்புல இருந்து நுவரெலியா ஒரு பக்கமே 160க்கு மேல, அங்க இருந்து ஹோட்டன் ப்ளேன்ஸ் போய் வர 64, ஆக 400 கிட்டப் போகும், மிச்ச 200ம் எக்ஸ்ட்ரா ரேட்ல வந்து நிக்கும், அப்ப தெரியும் மலிவு எங்க போச்சுது எண்டு. மழைக் காலத்துல, மண்சரிவு எச்சரிக்கை வந்தா என்ன செய்யிறது எண்டு ஒரு வரியும் சேருங்க. வெளிக்கிட முதல் நாள் 117க்கு அடிச்சு ரோட் நிலவரம் கேட்கலாம், அது அனர்த்த முகாமைத்துவ நிலையம்.

கேள்வி (தெஹிவளை): போற வழியில ஒரு கடையில ஒரு லீற்றர் தண்ணிப் போத்தல் 150 ரூபா எடுத்தாங்க. மலைக்கு ஏத்திக் கொண்டு வாற செலவாம். அப்படி எடுக்கலாமா?

பதில்: ஏலாது. தண்ணிப் போத்தலுக்கு 2025 ஏப்ரல்ல இருந்து உச்ச விலை இருக்கு: அரை லீற்றர் 70, ஒரு லீற்றர் 100, ஒண்டரை லீற்றர் 130. ஏத்துக்கூலி கதை எல்லாம் அதுக்குள்ளதான். பில் கேளுங்க, தராட்டி கடைப் பெயர், இடம், நேரம் குறிச்சு, போத்தலையும் ஒரு ஃபோட்டோ எடுத்து நுகர்வோர் அதிகார சபையிட 1977க்கு அடிச்சுச் சொல்லுங்க. தனி ஆள் நடத்துற கடைக்கே குற்றம் நிரூபணமானா ஒரு லட்சத்துல இருந்து அஞ்சு லட்சம் வரைக்கும் தண்டம், அந்த அம்பது ரூபாக்கு அவர் அதுக்குத் துணிய மாட்டார், சட்டத்தைச் சொன்ன உடனே அனேகமானவங்க மீதிக் காசை மேசையில வச்சிருவாங்க.

கேள்வி (பம்பலப்பிட்டி): அக்கா, ஹோட்டன் ப்ளேன்ஸ்ல ஒரு நாள் குளிருக்காக நல்ல ஜக்கெட், ட்ரெக்கிங் சப்பாத்து எல்லாம் வாங்க வேணுமா? மோலில விலை கேட்டாலே குளிருது.

பதில்: வேண்டாம் தங்கச்சி. அடியில பிடிப்பு இருக்கிற பழைய ஸ்போர்ட்ஸ் சப்பாத்து காணும், அடி தேய்ஞ்சு மழுங்கினதை மட்டும் போடாதீங்க, அந்தப் பாதையில பேக்கர்ஸ் ஃபோல்ஸ் நீர்வீழ்ச்சிப் பக்கம் இறங்குற இடம் வழுக்கும். புதுச் சப்பாத்து வாங்கினாலும் அண்டைக்கே முதல் முதலாப் போட்டுட்டுப் போனா கால் கொப்பளிச்சுரும். ஜக்கெட்டுக்கு நுகேகொட பக்கம் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளைப் பாருங்க, இங்கயே தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புற சாமான், சிப்பையும் தையலையும் இழுத்துப் பார்த்து எடுத்தா மோல் விலையில ஒரு பங்குதான் வரும். மாத்தித் தருவாங்களா எண்டு காசு குடுக்க முதல் கேளுங்க. ஒரு தடிச்ச ஜக்கெட்டை விட மெல்லிய உடுப்பு ரெண்டு மூண்டு மேல மேல போட்டா நல்லது, ஏழு மணிக்கு நடுங்கினவங்க ஒன்பது மணிக்கு வேர்த்துக் கொண்டு நிப்பாங்க. மழைக்கோட்டுக்கு மட்டும் காசைப் பார்க்காதீங்க, மெல்லிசா பொலித்தீன்ல விக்கிறது காத்துக்கு அரை மணித்தியாலத்துல கிழிஞ்சு தொங்கும்.