ஊற்றுக் கண் அடைபடாமல் தொட்டி கட்டுவது எப்படி?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஹட்டியில் (மலைக் கிராமம்) 40 வீடுகள். சோலையோர ஊற்றில் குழாயைச் செருகித் தண்ணீர் எடுக்கிறோம். மழைக்காலத்தில் கலங்கல், கோடையில் நூல்போல் வருகிறது. மகளிர் குழுவாகச் சேர்ந்து தொட்டி கட்டலாமா?

பதில்: தாராளமாகக் கட்டலாம். சிமென்ட் வாங்கும் முன் ஊற்றை அளந்துவிடுங்கள். மார்ச் கடைசியில், கோடை மழை விழுமுன் அளப்பதுதான் சரியான கணக்கு. 20 லிட்டர் வாளி நிறைய 80 விநாடி ஆனால் மணிக்கு 900 லிட்டர், நாளுக்கு 21,600. ஜல் ஜீவன் திட்ட அளவுப்படி ஆளுக்கு 55 லிட்டர் என்றால் 200 பேருக்கு 11,000 போதும். இரவு நீரைப் பிடித்துவைக்க ஊருக்கு மேல் 5,000 லிட்டர் தொட்டி வேண்டும்.

நல்ல ஊற்றைப் பெரும்பாலும் கெடுப்பது அதன் மேலேயே கட்டும் தொட்டிதான். ஊற்றுக் கண்ணுக்கு, அதாவது நீர் வெளிவரும் வாய்க்கு, மேல் தண்ணீர் தேங்கினால் அந்த அழுத்தம் ஊற்றைப் பின்னுக்குத் தள்ளும். நீர் பக்கத்து மண்ணில் வேறு வழி பார்த்துக்கொள்ளும். பிறகு சுவரை இடித்தாலும் பழைய இடத்துக்குத் திரும்புவது நிச்சயமில்லை. அதனால் ஊற்றில் கட்டுவது சின்னப் பெட்டியாக இருக்கட்டும், சேமிப்புத் தொட்டி அதற்குக் கீழே, ஊருக்கு மேல். பெட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் கண்ணுக்கு அரை அடி கீழே இருக்க வேண்டும். பார்வையால் மதிப்பிடாமல் கொத்தனாரின் டியூப் லெவலை (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்துப் பாருங்கள்.

கண் தெளிவாகத் தெரியும்வரை மண்ணைக் கையால் விலக்குங்கள். சுவரின் அடி களி அல்லது பாறையில் உட்கார வேண்டும். இல்லையேல் நீர் அடியில் கசிந்துபோகும். கண்ணுக்கும் பெட்டிக்கும் நடுவே கழுவிய கருங்கல்லைச் சாந்து பூசாமல் அடுக்கி, மேலே ஒன்றரை அங்குல ஜல்லி, அதற்கு மேல் முக்கால் அங்குல ஜல்லி, பாலித்தீன் விரிப்பு, ஒரு அடி மிதித்த களிமண், கடைசியில் புல். மழைக் கலங்கல் உள்ளே வருவது மேலிருந்துதான். சரிவின் மேல்புறம் வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஊருக்குப் போகும் குழாய் பெட்டியின் தரையிலிருந்து நாலு அங்குலம் மேலே, சல்லடையோடு. வண்டல் கழுவும் குழாய் தரைமட்டத்தில். மேல்புறம் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) நடாதீர்கள். வேர் கல்லடுக்குக்குள் புகும்.

குழாய் வழியில் மேடு இருந்தால் காற்று அடைத்துத் தண்ணீர் நிற்கும், அங்கே ஏர் வால்வு. பள்ளத்தில் கழுவும் வால்வு. 10 மீட்டர் இறக்கத்துக்கு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தம் ஏறும். 6 கிலோ அழுத்தத்துக்கான கருப்புக் குழாய் 60 மீட்டர் இறக்கம் வரைதான் தாங்கும். அதற்கு மேல் இறக்கம் என்றால் நடுவே அழுத்தம் தணிக்கும் தொட்டி வையுங்கள். காட்டுமாடு மிதிக்காதபடி இரண்டடி ஆழம் புதைக்கவும்.

ஊற்று காட்டு எல்லைக்குள் இருந்தால் அனுமதியில்லாமல் மண்வெட்டி வைக்கக் கூடாது. 2006 வன உரிமைச் சட்டம் பொருந்தும் ஊர்களில், பிரிவு 3(2) அரசு நிர்வகிக்கும் குடிநீர்க் குழாய்க்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம் தர இடம் தருகிறது. கிராம சபைப் பரிந்துரை வேண்டும். ஆகவே ஊராட்சியை முன்னே நிறுத்துங்கள்.

சேமிப்புத் தொட்டியில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, அரை மணி கழித்துத் திறக்கவும். மேலே தேயிலைத் தோட்டம் இருந்தால் உரத்தின் நைட்ரேட்டையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை சல்லடை கழுவ இரண்டு பேரை முறைவைத்து நியமித்து, பெட்டிச் சாவியை இருவரிடமும் கொடுங்கள்.