நூறு கொடுத்தால் நூற்றறுபதா?

கேள்வி: காட்மாண்டு போயிருந்தோம். நம் 100 ரூபாய்க்கு எல்லாக் கடையிலும் 160 நேபாள ரூபாய். இருபது வருஷத்துக்கு முன்னால் போன என் மாமாவும் இதே கணக்குதான் சொல்கிறார். மாறவே மாறாதா? (வாசகி, திருச்சி)

பதில்: மாமா சொன்னது சரிதான். 1993 பிப்ரவரியிலிருந்து 1.6 அப்படியே நிற்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நிறையவே ஆடியிருக்கிறது. 1960-ல் நேபாளம் தன் ரூபாயை நம் ரூபாயோடு 100-க்கு 160 என்று கட்டிவைத்தது. 1966 ஜூனில் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்து, டாலர் 4.76-லிருந்து 7.50-க்குப் போனபோது நேபாளம் கூடவே இறங்காமல் நின்றுவிட்டது, அதனால் நம் 100 ரூபாய்க்கு வெறும் 101 நேபாள ரூபாய்தான் கிடைத்தது, கிட்டத்தட்ட சரிக்குச் சரி! இந்தியாவுக்கு விற்கிற நேபாளிக்கு அது பெரிய அடி. 1967 டிசம்பரில் அவர்களும் இறங்க, 135 ஆனது. 1985-ல் 170 வரை போய், அப்புறம்தான் 160-க்குத் திரும்பியது.

எல்லை திறந்து கிடக்கிறது, வியாபாரத்தில் பெரும்பங்கு நம்மோடுதான், இங்கே வேலை பார்த்து ஊருக்குப் பணம் அனுப்புகிற குடும்பங்கள் எத்தனையோ. அதனால்தான் நேபாளம் இந்த விகிதத்தை விடாமல் பிடித்திருக்கிறது. ஆனால் டாலருக்கு எதிரே நம் ரூபாய் சரிந்தால் அவர்களுடையதும் கூடவே சரியும், அது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அங்கே விலை கேட்டால் கடைக்காரர் “ஐ.சி.யா, என்.சி.யா?” என்பார். இந்தியப் பணமா, நேபாளப் பணமா என்று அர்த்தம். அதைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு பணத்தை எடுங்கள்.