கேட்டதும் சொன்னதும்: போட்டோல இருக்கற சின்ன தாத்தா

கேள்வி: எங்க தாத்தாவோட தம்பி ஜப்பான்காரன் காலத்துல படையில இருந்து செத்துட்டாருன்னு சொல்வாங்க. வாலண்டியர்னு சித்தப்பா சொல்றாரு, இல்ல நேதாஜி படைன்னு அத்தை சண்டைக்கு வர்றாங்க. யூனிஃபார்ம் போட்ட ஒரு போட்டோதான் மிச்சம். எங்கண்ணே தேடறது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, சண்டையே வேணாம், ரெண்டுமே உண்மையா இருக்கலாம், பிரிட்டிஷ்காரன் உள்ளூர் ஆளுங்கள வச்சு நடத்துன படைல வாலண்டியரா இருந்துட்டு அப்புறமா நேதாஜி பக்கம் போயிருக்கலாம். மொதல்ல போட்டோவ ஃப்ரேம்லேர்ந்து பதமா கழட்டி பின்பக்கம் பாருங்க, ஸ்டுடியோ சீலோ தேதியோ இருக்கும். 1942க்கு முந்தின படம்னா அது நேதாஜி படை யூனிஃபார்மா இருக்கவே முடியாது, ஜப்பான்காரன்கிட்ட சிங்கப்பூர் விழுந்தப்புறம்தான் அந்தப் படையே, அதான் ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்), வந்துச்சு, நேதாஜி வந்து சேர்ந்தது 1943ல. தோள்பட்டைல பித்தளை எழுத்து இருந்தா பூதக்கண்ணாடி வச்சு படிங்க, எந்தப் படைன்னு அதுல தெரியலாம். வாலண்டியர் படைன்னு சொன்னேனே, அந்த ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் வாலண்டியர் ஃபோர்ஸ்ல மூணாவது பட்டாளம் நம்ம பினாங்கு, ப்ரோவின்ஸ் வெல்லெஸ்லி (உங்க பட்டர்வொர்த் பக்கம்) ஆளுங்களோடது.

பிரிட்டிஷ்காரன் பக்கம் செத்திருந்தா காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல தேடலாம், காசு கெடயாது. ஆனா பேர அடிச்சு ஒண்ணும் வரலன்னதும் மூடிட்டுப் போயிடாதீங்க. அந்தக் கால கிராணி (குமாஸ்தா) காதுல என்ன விழுந்துச்சோ அதத்தான் எழுதிருப்பான், வீராசாமிய நாலு விதமா எழுதலாம், அப்பா பேரு முன்னாடி வந்து சொந்தப் பேரு பின்னாடி போயிருக்கும். படைப்பிரிவ வச்சுத் தேடி, லிஸ்ட்ட மெதுவா உருட்டிப் பாருங்க. சில பேருக்கு இன்னாரோட மகன், இன்ன ஊருன்னு இருக்கும், அதத்தான் தாத்தாவோட பொறப்புப் பத்திரத்தோட ஒத்துப் பாக்கணும்.

ஒடம்பு கெடைக்காதவங்க பேரு சிங்கப்பூர் கிராஞ்சி போர்க்கல்லறைல இருக்கற நினைவுச் சுவத்துல இருக்கு, 24,000க்கு மேல. நம்ம வழக்கப்படி எரிச்சவங்களுக்கும் அங்கேயே தனி நினைவகம் உண்டு, கிட்டத்தட்ட 800 பேரு, பெரும்பாலும் இந்தியப் படைக்காரங்க. நமக்குக் கிட்டக்கன்னா தைப்பிங் போர்க்கல்லறை, ஆனா அங்க இருக்கற 850 சொச்சம் கல்லறைல பாதிக்கு மேல யாருதுன்னே தெரியாது.

அத்தை சொல்றதுதான் சரின்னா கஷ்டம்தான். ஐ.என்.ஏ.ல செத்தவங்க அந்த காமன்வெல்த் லிஸ்ட்ல வரமாட்டாங்க. சிங்கப்பூர்ல அவங்களுக்குக் கட்டின ஒரே நினைவுச்சின்னத்தயும் 1945ல திரும்பி வந்த பிரிட்டிஷ்காரன் வெடி வச்சுத் தகர்த்துட்டான். ஒரே மண்ணுல பொறந்து சண்டைக்குப் போனதுல ஒருத்தனுக்கு கல்லு, இன்னொருத்தனுக்கு அத்தை வாய்தான், எனக்கு இது இன்னிக்கும் எரிச்சல்தான். ஐ.என்.ஏ. ஃபைலுங்க டில்லி ஆவணக் காப்பகத்துல கொஞ்சம் இருக்கு, சிங்கப்பூர் காப்பகத்துல பழைய ஆளுங்க பேசின பதிவும் இருக்கு. ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி அத்தை பேசறத போன்ல ரெக்கார்ட் பண்ணிடுங்க, எந்த எஸ்டேட்டு, கூடப் போனது யாரு, கடைசியா யாரு பாத்தாங்கன்னு கேளுங்க. இந்த தீபாவளிக்கு வீட்டுக்குப் போறப்பவே பண்ணிடுங்க.

கேள்வி: செத்த தேதி தெரியாம திதி எப்படிண்ணே குடுக்கறது? அப்பா ரொம்ப கவலப்படறாரு.
– அதே வாசகி

பதில்: வெப்சைட்ல தேதி கெடச்சாலும் அப்படியே நம்பாதீங்க, காணாமப் போன பல பேருக்கு சிங்கப்பூர் சரணடஞ்ச 15-2-1942தான் போட்டு வச்சிருக்கான். நாள் தெரியாதவங்களுக்கு புரட்டாசி மகாளய அமாவாசைல குடுக்கறது நம்ம வழக்கந்தானே. அப்பாவ அன்னிக்கே குடுக்கச் சொல்லுங்க.