அந்த மதிப்பை எழுதியது யார்? என்ஜின்எக்ஸ் விதிகள் பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, ரிக்வெஸ்டில் இருந்து எடுத்த மாறிகளை டிராஃபிக் விதிகளில் பயன்படுத்துவது பற்றியவை. எல்லாம் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சர்வர் மென்பொருளில் வந்த சிக்கல்கள் என்பதால் அதை வைத்தே பதில் சொல்கிறேன். மாறிகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கான்ஃபிக் ஃபைலில் வழக்கம்போல் டாலர் குறியோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ஐபிக்கு நொடிக்கு 10 ரிக்வெஸ்ட் என்று வரம்பு வைத்தேன். டிராஃபிக்கைச் சர்வர்களுக்குப் பிரித்துத் தரும் லோட் பேலன்சருக்குப் பின்னால் சர்வரை மாற்றியதும் எல்லோருக்கும் 503 (இப்போது சேவை இல்லை என்ற பிழை) வருகிறது. ஏன்?

ஏனென்றால் உங்கள் சர்வரின் கண்ணுக்கு இப்போது "எல்லோரும்" ஒரே ஆள். பைனரி ரிமோட் அட்ரஸ் என்ற மாறி, இணைப்பின் எதிர்முனையில் இருக்கும் ஐபியைத்தான் சொல்லும். எதிர்முனையில் இப்போது இருப்பது லோட் பேலன்சர். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் தள்ளுபடி விற்பனை தொடங்கிய இரவில் இதே கதை நடந்தது. ஆர்டர் போட வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து நொடிக்குப் பத்து ரிக்வெஸ்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆக்சஸ் லாக்கைத் திறந்தால் வரிக்கு வரி ஒரே ஐபி. அதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது.

சரி, வந்தவரின் ஐபியைப் பிராக்ஸிகள் குறித்து அனுப்பும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரையே வரம்பின் சாவியாக (யாருடைய கணக்கு என்று பிரிக்கும் மதிப்பாக) வைத்துவிடலாமா? கூடாது. அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் வேறு வேறு ஐபியை எழுதி அனுப்புகிறவனுக்கு உங்கள் வரம்பு இல்லாத மாதிரிதான்.

சரியான வழி ரியல் ஐபி மாட்யூல். லோட் பேலன்சரின் முகவரிகளை மட்டும் "செட் ரியல் ஐபி ஃப்ரம்" வரியில் கொடுங்கள். எந்த ஹெடரைப் படிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். நடுவில் ஒன்றுக்கு மேற்பட்ட பிராக்ஸி இருந்தால் ரிகர்சிவ் அமைப்பையும் ஆன் செய்யுங்கள். அப்போது என்ஜின்எக்ஸ் அந்த ஹெடரில் உள்ள ஐபி பட்டியலை வலது கோடியிலிருந்து படித்து, நம்பிய முகவரிகளைத் தாண்டி, முதலில் தட்டுப்படும் வெளி ஐபியை எடுத்துக்கொள்ளும். பார்வையாளர் பொய்யாக எழுதியது இடது பக்கம் கிடக்கும். அதை யாரும் தொடமாட்டார்கள். நம்பும் பட்டியலில் சோம்பலுக்காக 0.0.0.0/0 (எல்லா முகவரிகளும்) என்று போட்டுவிட்டால் மட்டும் இத்தனையும் வீண்.

இன்னும் இரண்டு விஷயம். நொடிக்கு 10 என்றால் என்ஜின்எக்ஸ் அதை 100 மில்லிசெகண்டுக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் திறந்தாலே பிரவுசர் ஏழெட்டு ரிக்வெஸ்டை ஒன்றாக அனுப்பும். அதனால் பர்ஸ்ட் அளவு (ஒரேயடியாக வந்தால் ஏற்கும் கூடுதல் எண்ணிக்கை) கொடுக்காமல் வரம்பு வைக்காதீர்கள். அடுத்து, மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் நிறைய பேர் இருப்பார்கள். லாகின் செய்தவர்களுக்கு ஐபியை விட, உங்கள் அப்ளிகேஷன் சரிபார்த்த பயனர் அடையாளம் நல்ல சாவி.

எங்கள் அலுவலகத்துக்கு மட்டும் வரம்பிலிருந்து விலக்கு தர முடியுமா?

முடியும். சாவி காலியாக இருந்தால் என்ஜின்எக்ஸ் அந்த ரிக்வெஸ்டைக் கணக்கில் சேர்க்காது. ஐபியைப் பார்த்து மாறிக்கு மதிப்பு தரும் ஜியோ பிளாக்கில் அலுவலக ஐபியை அடையாளம் காணுங்கள். பிறகு மேப்பில் (ஒரு மாறியின் மதிப்பைப் பார்த்து இன்னொரு மாறிக்கு மதிப்பு தரும் பிளாக்) அதற்குக் காலி மதிப்பும், மற்றவர்களுக்கு பைனரி ரிமோட் அட்ரஸும் கொடுங்கள்.

ஏபிஐ சாவியை ஹெடரில் அனுப்புகிறோம், ஆனால் மாறி காலியாகவே இருக்கிறது.

ஹெடர் பெயரில் அண்டர்ஸ்கோர் போட்டு அனுப்புகிறீர்களா? பலர் விழும் குழி இது. எக்ஸ்-ஏபிஐ-கீ என்ற ஹெடர் மாறியாகும்போது சிறுகோடுகள் அண்டர்ஸ்கோராக மாறும். அந்த மாறியைப் பார்த்துவிட்டு, அனுப்புகிற பக்கமும் ஹெடரை அதே மாதிரி எழுதிவிடுகிறது. அண்டர்ஸ்கோர் உள்ள ஹெடரை என்ஜின்எக்ஸ் இயல்பாகவே ஒதுக்கிவிடும். அதை அனுமதிக்க ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் அனுப்பும் பக்கத்தைத் திருத்துங்கள் என்றுதான் சொல்வேன். அனுமதித்துவிட்டால் இரண்டு வெவ்வேறு ஹெடர்கள் ஒரே மாறிப் பெயரில் வந்து மோதும்.

லொகேஷனுக்குள் (ஒரு பாதைக்கான விதிகள் அடங்கிய பிளாக்) இரண்டு இஃப் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஹெடர் சேர்த்தேன். இரண்டு நிபந்தனையும் பொருந்தினாலும் ஒரு ஹெடர்தான் வருகிறது.

இரண்டாவது ஹெடர் மட்டும்தானே வருகிறது? லொகேஷனுக்குள் எழுதும் இஃப், நிரல்மொழியில் நாம் பழகிய இஃப் அல்ல. அது உள்ளே தனியாக ஒரு குட்டி லொகேஷனை உருவாக்குகிறது. கடைசியாகப் பொருந்தியதே செல்லும். ரிட்டர்ன், ரீரைட் இரண்டைத் தவிர வேறு எதையும் அதற்குள் வைக்காதீர்கள்.

முடிவெடுக்கும் வேலையை மேப்பிடம் கொடுங்கள். மேப் மாறி பயன்படும் இடத்தில் மட்டுமே கணக்கிடப்படும் என்பதால் இருபது மேப் எழுதினாலும் சுமை இல்லை. இரண்டு மாறிகளை நடுவில் ஒரு முக்காற்புள்ளி வைத்து ஒட்டி, அதையே மேப்பின் உள்ளீடாகவும் தரலாம். "மெத்தட் போஸ்ட், கூடவே குக்கி இல்லை" போன்ற நிபந்தனை ஒரே வரியில் முடிந்துவிடும்.

கட்டணத் திட்டத்தை யூஆர்எல்லில் இருந்து படித்து, பிரீமியம் சர்வருக்கு அனுப்பலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஒருவர் இப்படி அனுப்புகிறார் என்று வையுங்கள்:

?பிளான்=ஃப்ரீ&பிளான்=பிரீமியம்

யூஆர்எல்லின் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ள மதிப்பைத் தரும் என்ஜின்எக்ஸின் ஆர்க் மாறி முதலில் வருவதை எடுக்கும்: ஃப்ரீ. பின்னால் இருக்கும் பிஎச்பி கடைசியில் வருவதை எடுக்கும்: பிரீமியம். வாசலில் ஒரு முடிவு, வீட்டுக்குள் வேறு முடிவு. இன்னொன்று, ஆர்க் மாறி டீகோட் ஆகாமல் வந்தபடியே இருக்கும். மதிப்பில் இடைவெளி இருந்தால் நீங்கள் பார்ப்பது %20. இடைவெளியை எதிர்பார்த்து எழுதிய மேப் பொருந்தாது.

யூஆர்எல்லில் இருப்பது பார்வையாளர் கைப்பட எழுதியது. மொழித் தேர்வு, பக்க அமைப்பு மாதிரி தவறினாலும் நஷ்டமில்லாத விஷயங்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள். பணமும் உரிமையும் சம்பந்தப்பட்ட முடிவை அப்ளிகேஷனே எடுக்கட்டும்.

எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடும் ரிட்டர்ன் வரியில் யூஆர்ஐ மாறி போடுவதா, ரிக்வெஸ்ட் யூஆர்ஐ மாறி போடுவதா?

ரிக்வெஸ்ட் யூஆர்ஐ. அது வந்தது வந்தபடி, கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதோடு சேர்த்து இருக்கும். யூஆர்ஐ மாறி டீகோட் ஆனது. பாதையில் சதவீதக் குறி போட்டு ஒளித்த வரி முறிவு, அங்கே நிஜ வரி முறிவாகிவிடும். அதை, திருப்பிவிடும் முகவரியைச் சொல்லும் லொகேஷன் ஹெடரில் ஒட்டினால் தாக்குபவர் தனக்கு வேண்டிய ஹெடரை உங்கள் பதிலுக்குள் நுழைத்துவிடலாம். ஹோஸ்ட் மாறியும் பார்வையாளர் அனுப்புவதுதான். அந்த இடத்தில் டொமைன் பெயரை நேராக எழுதிவிடுங்கள்.

புதிய பதிப்புக்கு 5 சதவீதம் பேரை அனுப்ப, பார்வையாளர்களைச் சதவீதக் கணக்கில் பிரிக்கும் ஸ்பிளிட் கிளையன்ட்ஸ் போதுமா?

போதும். ஆனால் எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்? ஐபியை வைத்தால், வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறியவர் பாதியில் வேறு பதிப்புக்குத் தாவக்கூடும். குக்கியை வைத்தால், முதல் முறை வருகிறவர்களிடம் குக்கி இருக்காது. காலி மதிப்பின் ஹேஷ் (மதிப்பிலிருந்து கணக்கிட்டுப் பிரிக்கப் பயன்படும் எண்) எப்போதும் ஒன்றே; புதியவர்கள் அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்வார்கள்.

நான் செய்வது இது: மேப்பில், குக்கி இருந்தால் அதையே எடு, காலியாக இருந்தால் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் தனியாக உருவாகும் ரிக்வெஸ்ட் ஐடி மாறியை எடு. அந்த மதிப்பை வைத்துப் பிரித்து, அதையே குக்கியாகவும் திருப்பி அனுப்பு. 5 சதவீதம் பட்டியலின் முதல் வரியில் இருந்தால், பிறகு 20 ஆக உயர்த்தும்போது முன்பு வந்தவர்கள் புதிய பதிப்பிலேயே இருப்பார்கள்.

விதி சரியா என்று நேரலை டிராஃபிக்கில் சோதிப்பது எப்படி?

ரிக்வெஸ்ட் வரம்புக்கு ட்ரை ரன் என்ற அமைப்பு 1.17.1 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதை ஆன் செய்தால் கணக்கு நடக்கும், ஆனால் யாரையும் தடுக்காது. 1.17.6 முதல் லிமிட் ரிக்வெஸ்ட் ஸ்டேட்டஸ் மாறியும் உண்டு. அதையும் நீங்கள் சாவியாக வைத்த மாறியையும் லாக் வடிவத்தில் சேர்த்து, கூட்டம் அதிகமான ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். யார் தடுக்கப்பட்டிருப்பார்கள் என்று லாக் சொல்லும். அந்தப் பட்டியலில் உங்கள் லோட் பேலன்சரின் ஐபி தெரிந்தால் முதல் கேள்வியின் பதிலை இன்னொரு முறை படியுங்கள்.