வாசகர் கேள்வி, பயிற்சியாளர் பதில்: பாதியில் நின்ற டிரையத்லான்

கேள்வி: நான் வள்ளியூரில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். அண்மையில் அரைத் தொலைவு டிரையத்லானில் (நீச்சல் 1.9, சைக்கிள் 90, ஓட்டம் 21.1 கிலோமீட்டர்) கலந்துகொண்டேன். எதிர்காற்று வீசியபோதும் சைக்கிளில் திட்டமிட்ட வேகத்தை விடாமல் காப்பாற்றினேன். ஆனால் ஓட்டத்தின் நடுவில் தொடை பிடித்துக்கொண்டு, வயிறு குமட்டி, நின்றுவிட்டேன். அவமானம் தாங்காமல் ஊர் திரும்பியதும் முன்னைவிடக் கடுமையாக ஓடத் தொடங்கினேன். இப்போது முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது. வீட்டில் இதோடு விட்டுவிடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் காலைக் கவனியுங்கள். எலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலித்து, உடல் சூடேறியதும் குறைந்தால் அது பெரும்பாலும் ஓய்வில் ஆறக்கூடிய வலிதான். ஆனால் விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில் மட்டும் வலித்து, ஓட ஓடக் கூடி, இரவில் படுத்திருக்கும்போதும் தொடர்ந்தால் எலும்பில் நுண்ணிய முறிவு இருக்கக்கூடும். ஓட்டத்தை இன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இத்தகைய முறிவு தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு என்பதால், வலி நீடித்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்றும் கேளுங்கள். மருத்துவர் அனுமதித்தால் அந்த வாரங்களில் நீந்தலாம். நெஞ்சுத் திறன் பெருமளவுக்குக் குறையாமல் இருக்கும்.

இனி பந்தயம். நீங்கள் நின்றது ஓட்டத்தில் என்றாலும், பந்தயம் கைவிட்டுப் போனது சைக்கிளில்தான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், எதிர்காற்றில் அதே வேகத்தைப் பிடித்து வைக்கக் கால்கள் பல மடங்கு உழைத்திருக்கும். உடலில் சேமித்திருந்த மாவுச்சத்தை அங்கேயே செலவழித்துவிட்டு ஓடப் புறப்பட்டிருக்கிறீர்கள். குமட்டலுக்கும் இதில் பங்கு உண்டு, ஏனெனில் வெயிலில் மிகையாக உழைக்கும் உடல் இரைப்பைக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது, பிறகு எதைக் குடித்தாலும் தங்காது.

இதைத் திருத்த உங்களைவிட வாய்ப்பான ஊரில் வசிப்பவர்கள் குறைவு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் நாட்களில், கால் குணமான பின், பணகுடிப் பக்கம் சைக்கிளில் சென்று, வேகமானியைப் பார்க்காமல், ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிற அளவுக்கு மட்டுமே மிதித்துப் பழகுங்கள். வேகம் மிகவும் குறையும், குறையட்டும். நீண்ட பயணங்களில் வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடிப்பது இரத்தத்தில் உப்பின் அளவைக் குறைத்துவிடும் என்பதால், பந்தயத்தன்று எடுத்துக்கொள்ளப்போகும் உப்பையும் உணவையும் அப்போதே வயிற்றுக்குப் பழக்குங்கள்.

அவமானம் என்று எழுதியிருந்தது என்னை வருத்தியது. பெர்முடா நாட்டு டிரையத்லான் வீராங்கனை ஃப்ளோரா டஃபி 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பந்தயத்தை முடிக்கவில்லை. 2012 லண்டனில் சைக்கிளிலிருந்து விழுந்தார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பாதியில் நின்றவர் என்ற பெயர் யாருக்கும் நிலையாக ஒட்டிக்கொள்வதில்லை. வீட்டாரின் கவலையில் நியாயம் இருக்கிறது. மருத்துவரிடம் செல்லும்போது அவர்களில் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவள் நான். ஆனால் முதல் டிரையத்லானில் கடலில் கூட்டத்தோடு இறங்கியதும் மூச்சு முட்டிக் கரைக்குத் திரும்பிவிட்டேன். எனக்கு நீச்சல் போதவில்லையா?

பதில்: நீச்சல் போதும்; நெரிசல்தான் புதிது. பதற்றத்தில் நாம் மூச்சை வெளியே விட மறந்துவிடுவதால் முட்டுகிறது. அப்போது மல்லாந்து மிதந்து, நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். பாதுகாப்புப் படகையோ மிதவையையோ பிடித்து இளைப்பாறவும் பொதுவாக விதிகள் அனுமதிக்கின்றன, அதைப் பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். அடுத்த முறை கூட்டத்தின் ஓரத்தில் நின்று, கடைசியாக இறங்குங்கள். அதற்குமுன் நான்கைந்து தோழியரோடு, கரையில் ஒருவர் காவல் நிற்க, இழுப்பு இல்லாத பகுதியில் தோளோடு தோள் உரச நீந்திப் பழகுங்கள். அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் ஆற்றில் இறங்கவே வேண்டாம்.